காரணம் தெரியவில்லை

முப்பத்தொரு வருஷம் கழித்து
டெல்மர் ஓக்ஸ் ஃபோனில் வந்தான்.
"சார்ஜென்ட்" என்றான்.
அப்படிக் கூப்பிட இப்போது எனக்கு யாருமில்லை.
டொபீகாவில் ஒரு பெயின்ட் கடையில்
நிறம் கலந்து கொடுக்கிறவன் நான்.

ராணுவம் அவனை அனுப்பிவைத்த தாளில்
'மதிப்புக்குரியதல்லாத' என்று ஒரு சொல்.
அதை மாற்றச் சொல்லி மனுப் போடுகிறானாம்.
மனுவில் இரண்டு கட்டங்கள்.
ஒன்றில் 'பிழை'. மற்றதில் 'அநீதி'.
எதில் குறி போடட்டும் என்று கேட்டான்.

பிழைத்து வந்தவர்கள் நாங்கள்.
அதில் எது பிழை என்று
நான் எந்தக் கட்டத்தைக் காட்டுவது?

அவனுக்கு அப்போது பத்தொன்பது.
பாலைவனச் சாலையில் எரிந்து நின்ற வண்டிகளை
ஓரத்துக்கு இழுத்துப் போடுவது எங்கள் வேலை.
முதலில் உள்ளே இருப்பவர்களை இறக்க வேண்டும்.
ஒருவர் மடியில் தையல் மெஷின் இருந்தது.
டெல்மர் அதன் சக்கரத்தை விரலால் சுற்றினான்.
ஊசி ஏறி இறங்கியது.
மறுபடி சுற்றினான்.
நான்தான் அதட்டி இழுத்து வந்தேன்.

நாடு திரும்பிய நாலாம் மாதம்
காலை வரிசையில் அவன் இடம் காலி.
பதினோரு நாள்.
ஜங்ஷன் சிட்டியில் காசு போட்டுத் துவைக்கும் கடையில்
உட்கார்ந்திருந்தான்.
கண்ணாடிக்குள் ஒரே ஒரு சட்டை
சுற்றிக்கொண்டிருந்தது.
தினமும் வருவார், தொந்தரவில்லை,
சில்லறை மட்டும் கேட்பார் என்றாள்
கடையைப் பார்த்துக்கொள்கிற பெண்.

அறிக்கை எழுதியது நான்.
'காரணம்' என்ற இடத்தில்
'தெரியவில்லை' என்று எழுதினேன்.
கறுப்பு மை, அடித்தல் திருத்தல் இல்லை.
அவனுடையது தெரியும் என்று எழுதினால்
என்னுடையதும் தெரியும் என்றாகிவிடும்.
என் பதவி உயர்வு அந்த வாரம்
யாரோ ஒருவர் மேஜையில் இருந்தது.

"பணத்துக்காக இல்லை" என்றான்.
நவம்பர் பதினொன்றாம் தேதி
அவன் ஊர் ஹோட்டலில்
பழைய சிப்பாய்களுக்குப் பான்கேக் இலவசம்.
அட்டையைக் காட்ட வேண்டும்.
வருஷா வருஷம் போகிறான்,
அவர்களுக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்து
காசு கொடுத்துச் சாப்பிடுகிறான்.
"நன்றாகத்தான் இருக்கும், சார்ஜென்ட்."
காதும் கேட்பதில்லையாம்,
ராணுவ ஆஸ்பத்திரி சேர்க்க மாட்டேன் என்கிறதாம்.
அதைக் கடைசியில்தான் சொன்னான்,
விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவன் குரலில்.

நல்ல பையன், நேரம் தவறாதவன் என்று
ஒரு பக்கம் எழுதினேன்.
யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். கிழித்தேன்.
தையல் மெஷினைப் பற்றி நாலு பக்கம்.
அதையும்.

கடையில் சொல்வேன்:
வெள்ளையில் ஒரு துளி கறுப்பு விழுந்தால்
எத்தனை கேலன் ஊற்றினாலும்
அந்த வெள்ளை திரும்ப வராது,
வேறு வாளி எடுத்துக்கொள்ளுங்கள்.
எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசியில் எழுதியது இவ்வளவுதான்:
'காரணம் எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.
தெரியவில்லை என்று எழுதியவன் நான்.'
கீழே லைல் ஹாஸ்டெட்லர்.
அதற்கும் கீழே, அந்த உயர்வில் கிடைத்த பதவி.
எழுதும்போது பேனா ஒருமுறை நின்றது.

திரும்ப அழைத்து,
"இரண்டு கட்டத்திலும் போடு" என்றேன்.
"அப்படிப் போடலாமா?"
"தெரியவில்லை" என்றேன்.
இந்த முறை நிஜமாகவே.

தபால் நிலையத்தில் அந்தப் பெண்
வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்:
உள்ளே உடையக்கூடியது, கசியக்கூடியது,
தீப்பிடிக்கக்கூடியது ஏதாவது?
"ஒரு காகிதம்" என்றேன்.
தராசில் வைத்தாள்.
ஒரு அவுன்ஸ்கூட இல்லை.

முடிவு வர ஒன்றரை வருஷம் ஆகுமாம்.
இடையில் ஒரு நவம்பர் வரும்.
கணக்குப் போட்டுப் பார்த்தால்
இரண்டு.